கனடாவில் பிரெஞ்சு ஏற்கெனவே ஆட்சிமொழிதானே, பிறகு எதற்கு 30 வருடப் போராட்டம்? (நேயர் கேள்விக்குப் பதில்)

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். போன வீடியோவில் கனடா நாடாளுமன்றத்தைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சு மொழி உரிமைக்காகப் போராடிய எம்.பி. ழான்-ரொபேர் கோத்தியேயின் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழி. கியூபெக் மாகாணமே பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருக்கிறது. அப்புறம் ஒரு எம்.பி. 30 வருடம் பிரெஞ்சுக்காக என்ன போராட வேண்டியிருந்தது? தனி ஒரு உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவெல்லாம் நிறைவேறுமா?"

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துவிடுகிறேன். கோத்தியே கியூபெக்காரர் இல்லை. அவர் ஒட்டாவாக்காரர், அதாவது ஒன்டாரியோ மாகாணத்தவர். ஒன்டாரியோவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள், ஆனால் மொத்த மக்கள்தொகையில் அது சின்னப் பங்குதான். கியூபெக்கில் பிரெஞ்சுக்கு அரசாங்கமே காவல். ஒன்டாரியோவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ அப்படி இல்லை. கியூபெக்கைப் பார்த்துவிட்டு மொத்தக் கனடாவையும் எடைபோடுவது நம் ஆட்கள் நிறையப் பேர் செய்கிற வேலை.

1912இல் ஒன்டாரியோ அரசு 'விதிமுறை 17' என்று ஒன்று கொண்டுவந்தது. பள்ளியில் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சு வழியில் பாடம் நடத்தக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒட்டாவாவில் கீக் பள்ளி என்று ஒரு பள்ளி. அங்கே தடையை மீறிப் பாடம் நடத்திய, உடன்பிறந்த இரண்டு ஆசிரியைகளைக் காப்பாற்ற, 1916இல் அம்மாக்கள் வாசலில் காவல் நின்றார்கள். கையில் என்ன ஆயுதம் என்றால், தலையில் தொப்பி நிற்பதற்குக் குத்துகிற நீள ஊசியும் சமையலறைச் சாமானும்தான். போலீஸ் வந்தும் அவர்கள் நகரவில்லை. 1927இல்தான் அந்த விதியின் பிடி தளர்ந்தது. கோத்தியே பிறந்தது 1929இல், அதே ஊரில். பின்னாளில் அவர் எம்.பி.யாக இருந்த ஒட்டாவா-வானியே தொகுதியும் அந்தப் பகுதியைச் சேர்ந்ததுதான். பிரெஞ்சு என்றாலே முதலில் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வருகிற ஊரில் வளர்ந்த மனிதர். தொழிலில் கைரோபிராக்டர், முதுகெலும்பைச் சரிசெய்கிறவர். நாடாளுமன்றத்துக்கு வருவதற்கு முன்பே பள்ளி வாரிய உறுப்பினராகத்தான் பொதுவாழ்க்கையைத் தொடங்கினார். 1972இல் எம்.பி., 1994இல் செனட்டர், அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 1969இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது, 1988இல் அதைப் புதிதாக எழுதினார்கள். அந்தப் புதுச் சட்டத்தின் ஏழாம் பகுதியில், மொழிச் சிறுபான்மையினரின் வளர்ச்சிக்கு மத்திய அரசு துணை நிற்கும் என்று அழகாக எழுதி வைத்தார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அரசு துணை நிற்கவில்லை என்றால் என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போகலாமா? இந்த இடத்தில்தான் சட்டம் வாயைத் திறக்கவில்லை.

இது எப்படிக் கடித்தது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் அகாடியா தீபகற்பம் என்று கடலோரப் பகுதி, பிரெஞ்சு பேசும் அகாடியர்களின் ஊர்கள். அங்கே ஷிப்பகன் என்ற சிற்றூரில் இருந்த சில உணவு ஆய்வாளர் பணியிடங்களை, மத்திய உணவு ஆய்வு முகமை தெற்கே ஷெடியாக் என்ற ஊருக்கு மாற்றிவிட்டது. மொத்தமே ஒரு கைக்குள் அடங்கும் பணியிடங்கள்தான். பெரிய ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. சின்ன ஊரில் நாலு அரசு வேலை போனால் நாலு குடும்பம் போகிறது, பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள். அந்தப் பகுதி மேயர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார்கள். 2004இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா, அந்த ஏழாம் பகுதி அரசு தன் நோக்கத்தை அறிவிக்கிற பகுதி, அதை வைத்து வழக்காட முடியாது என்று. வாக்குறுதி உண்டு, வசூல் பண்ண முடியாது, அவ்வளவுதான்.

இதை அடைக்கத்தான் கோத்தியே அந்தத் தீர்ப்புக்கு முன்பிருந்தே, 2001இலிருந்தே மசோதா கொண்டுவந்துகொண்டிருந்தார். அவர் கேட்டது ரொம்ப எளிது: அரசுத் துறைகளுக்கு இது கடமை என்று எழுதுங்கள், செய்யாவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் எழுதுங்கள். முதல் மசோதாவின் எண் எஸ்-32. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது, மசோதா செத்தது. அங்கே வழக்கம் அப்படி, தொடர் முடிந்தால் நிலுவையில் உள்ள மசோதாவெல்லாம் காலி, மறுபடியும் முதலிலிருந்து. அடுத்து எஸ்-11, அதுவும் அதே கதி. 2004இல் எஸ்-4, இந்த முறை பொதுத்தேர்தலே வந்துவிட்டது. அதே வருடம் அக்டோபரில் நாலாவது முறை, எஸ்-3. அந்த மாதமே அவருக்கு 75 வயது. கனடா செனட்டர்கள் 75இல் கட்டாயம் ஓய்வு பெற வேண்டும். இதற்குள் அவருக்குக் காது கேட்காமல் போயிருந்தது, அவையில் பேசுவதை எழுத்தாகத் திரையில் ஓடவிட்டுப் படித்துத்தான் விவாதத்தைப் பின்தொடர்ந்தார். எனக்கு இந்த மனிதரிடம் பிடித்ததே இந்த விடாப்பிடிதான், சொற்பொழிவுத் திறமையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, கீழவையில் டான் பூத்ரியா என்ற எம்.பி. மசோதாவைத் தோளில் போட்டுக்கொண்டார், அவரும் பிரெஞ்சு பேசும் ஒன்டாரியோக்காரர்தான். எதிர்ப்பும் இருந்தது. மாகாணங்களின் அதிகாரத்தில் மத்திய அரசு மூக்கை நுழைக்க இது வழியாகிவிடுமோ என்ற கவலை, அதை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது, அதனால்தான் மாகாண அதிகாரத்தை மதித்தே செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே சேர்த்தார்கள். 2005 நவம்பர் 24 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது, அதாவது மசோதா சட்டமானது. 28ஆம் தேதி பிரதமர் பால் மார்ட்டின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது, மறுநாளே நாடாளுமன்றம் கலைப்பு. ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் ஐந்தாவது முறை ஆரம்பித்திருக்க வேண்டியதுதான், அதற்குக் கோத்தியே அவையில் இல்லை.

ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: நிறைவேறும், ஆனால் மசோதா ஆளைவிடப் பொறுமையாக இருக்க வேண்டும், ஆளும் மசோதாவைவிடப் பொறுமையாக இருக்க வேண்டும்!

சட்டம் வந்ததோடு வேலை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில், வேலை தேடுவோருக்கான உதவித் திட்டத்தை மத்திய அரசு மாகாணத்திடம் ஒப்படைத்தது, அங்கே பிரெஞ்சில் அந்தச் சேவையைத் தந்துகொண்டிருந்த அமைப்புகள் அடிபட்டன. வழக்கு நடந்தது. 2018இல் நீதிபதி அந்தக் கடமைக்கு மிகக் குறுகலாகப் பொருள் கொண்டு தள்ளுபடி செய்தார், 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப்போட்டது. 2004இல் மேயர்கள் தோற்ற அதே மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்போது கையில் கோத்தியேயின் திருத்தம் இருந்தது. 2023 ஜூனில் சட்டத்தையே இன்னும் இறுக்கினார்கள், துறைகள் என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாகவே எழுதினார்கள். கோத்தியே 2009இலேயே காலமாகிவிட்டார்.

இதே தொடர்பில் ஒட்டாவாவில் பிரெஞ்சில் சேவை தரும் மோன்ஃபோர் மருத்துவமனையின் வழக்கைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார், அது தனிக் கதை, அடுத்த முறை பார்க்கலாம்.