தியத்தலாவை போயர் கைதிகள்: கமக்காரரா, படைவீரரா?

அடுத்த கேள்வி தெஹிவளையில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. "தியத்தலாவையில அடைச்சு வச்சிருந்த போயர்கள் கமக்காரரா, பட்டாளத்துக்காரரா? அதில ஒருத்தர் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகாம யாலவில நிண்டவர்?"

ரெண்டும்தான் தங்கச்சி. தென்னாபிரிக்காவில இருந்த போயரின்ர ரெண்டு குடியரசிலயும், ட்ரான்ஸ்வாலிலயும் ஒரேஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்டிலயும், சம்பளத்துக்கு நிண்ட படை எண்டா பீரங்கிப் படையும் பொலிசும்தான். மிச்சம் எல்லாம் கமம் செய்த சனம். 16 வயசில இருந்து 60 வயசு வரைக்கும் உள்ள ஆம்பிளையள், அழைப்பு வந்தா சொந்தக் குதிரையில, துவக்கோட, சில நாளுக்குக் காணக்கூடிய சாப்பாட்டோட வந்து நிக்கவேணும். சீருடை கிடையாது. வயலில போட்ட உடுப்போடதான் சண்டை. அதிகாரிகளையும் தாங்களே வாக்குப் போட்டுத் தெரிவு செய்வினம்.

ஒரு விசயத்தை விட்டுப்போட்டுப் போக எனக்கு மனம் வராது. இவை ஒல்லாந்தர் வழிவந்த குடியேறிகள். பிரிட்டிஷ் ஆட்சி வேண்டாம் எண்டு 1830களில தெற்குக் கரையில இருக்கிற கேப் பக்கத்தில இருந்து மாட்டுவண்டில் கட்டிக்கொண்டு வடக்கால போனவை. போய் இறங்கின இடம் ஆளில்லாத காடு இல்லை. அங்க ஏற்கெனவே வாழ்ந்த ஆபிரிக்க மக்களைத் துரத்தியும், அவையளையே கூலியாக்கியும்தான் அந்தப் பண்ணைகள் வந்தது. போயரின்ர வீரத்தைச் சொல்லுற ஆக்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேணும்.

1899 ஒக்டோபரில பிரிட்டிஷாருக்கும் போயருக்கும் போர் தொடங்கிச்சு. அடுத்த வருசம் ஜூலையில பிராண்ட்வோட்டர் எண்ட மலைப்பக்கத்தில நாலாயிரத்துக்கு மேல போயர்கள் பிரிட்டிஷ் படையிட்ட சரணடைஞ்சினம். அந்த ஓகஸ்டில இருந்துதான் கைதிகளோட கப்பல்கள் எங்கட கொழும்புத் துறைமுகத்துக்கு வரத் தொடங்கினது. இங்க இறக்கி, ரயிலில ஏத்தி, தியத்தலாவை. கிட்டத்தட்ட 5,000 பேர். நோயில இருந்து தேறுற ஆக்களுக்குக் கல்கிசையில ஒரு முகாம்.

1901 ஜனவரியில நடந்ததை கொழும்பில இருக்கிற கனபேருக்குத் தெரியாது. துறைமுகத்தில நிண்ட கைதிக் கப்பலில இருந்து அஞ்சு போயர்கள் இரவில தண்ணிக்குள்ள இறங்கி, பக்கத்தில நங்கூரம் போட்டிருந்த 'கெர்சன்' எண்ட ரஷ்யக் கப்பலுக்கு நீந்திப் போயிட்டினம். ரஷ்யா, ஜெர்மனி எண்டு சுத்தி, திரும்பவும் தென்னாபிரிக்காவுக்குப் போய்ச் சண்டையில சேர்ந்தவை! அங்க அந்த நேரம் பிரிட்டிஷ் படை பண்ணை வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் அடைச்ச முகாம்களில 26,000 பேர் வரையில செத்தவை. கறுப்பின மக்களை அடைச்ச தனி முகாம்களிலயும் ஆயிரக்கணக்கில சாவு. அதைப் பற்றி அந்தக் காலத்தில கதைச்ச ஆக்கள் குறைவு.

இப்ப உங்கட ரெண்டாவது கேள்வி. 1902 மே மாசம் போர் முடிஞ்சுது. ஊருக்குப் போறதெண்டா பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசச் சத்தியம் செய்யவேணும். பெரும்பாலான ஆக்கள் செய்திட்டுக் கப்பல் ஏறினவை. அவையைக் குறை சொல்லேலாது, மனுசி பிள்ளைகள் உயிரோட இருக்கினமோ எண்டு தெரியாத நிலைமை. சில பேர் மட்டும் மாட்டன் எண்டிட்டினம். அவையில ஒருத்தர் ஹென்றி எங்கல்பிரெக்ட். நாடு திரும்ப வழியில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் வறுமையில கிடந்தவருக்குப் பிறகு யால சரணாலயத்தின்ர முதல் காவலர் வேலை கிடைச்சுது. துவக்குப் பிடிச்ச கையும் குதிரை ஓட்டின பழக்கமும் அந்தக் காட்டில உதவியிருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

அதோட விட்டாங்களா? 1914இல மெட்ராஸில குண்டு போட்ட எம்டன் எண்ட ஜெர்மன் போர்க்கப்பல் இந்தக் கடலில திரிஞ்ச நேரம், அதுக்கு இறைச்சி குடுத்தவர் எண்டு சந்தேகத்தில இவரைப் பிடிச்சு அடைச்சாங்கள். குற்றம் நிரூபிக்கப்படவே இல்லை. சத்தியம் செய்யாதவன் எண்ட பெயர் ஒண்டே அவரைச் சந்தேகிக்கக் காணுமாயிருந்திருக்கு. அது எனக்குப் பெரிய அநியாயமாத்தான் படுது. 1922இல அம்பாந்தோட்டையிலயே செத்தவர். கடைசிவரைக்கும் அந்தச் சத்தியத்தைச் செய்யேல்லை.