அந்தக் கால்களை யார் பார்த்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஓவியங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். ஓவியம் தெரிந்தவர்களுக்காக அல்ல. அலுவலகக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, 'இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன், யார் காதில் விழுந்தது?' என்று முணுமுணுக்கிறவர்களுக்காக.

ஒரு நிறுவனத்தில் எட்டுப் பேருக்கு ஒரு படம் காட்டினேன். பிரசெல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற படம். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் புரூகலின் பெயரில் அறியப்படுவது. அவரே வரைந்ததா, நகலா என்ற வாதம் தனியாக நடக்கிறது, அதை விடுங்கள். படத்தின் தலைப்பை நான் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்யுங்கள். முன்னால் சிவப்புச் சட்டை அணிந்த உழவர், குதிரை பூட்டி உழுகிறார். சற்றுக் கீழே ஓர் இடையர் கம்பில் சாய்ந்தபடி வானத்தைப் பார்க்கிறார்; பக்கத்தில் நாய், சுற்றிலும் ஆடுகள். அப்பால் கடல், பாய்மரக் கப்பல்.

ஐந்து நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடம்! இரண்டாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு பேச்சு தொடங்கியது. "அமைதியான ஊர்" என்றார் மேலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். "உழவர் ஒருவர்தான் உழைக்கிறார், அந்த இடையர் சோம்பேறி" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். சிரிப்பு எழுந்தது. அவர்கள் பேசுவது ஓவியத்தைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

"எதைப் பார்த்ததும் சோம்பேறி என்று தோன்றியது?" என்று கேட்டேன். "ஆடுகளைக் கவனிக்கவில்லையே, மேலே பார்க்கிறாரே." "மேலே எதைப் பார்க்கிறார்?" யாருக்கும் தெரியவில்லை. அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து, அன்றுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "வலது மூலையில், கப்பலுக்குக் கீழே, தண்ணீருக்கு மேல் இரண்டு கால்கள் தெரிகின்றன."

ஏழு பேரும் எழுந்து திரைக்கு அருகே போனார்கள். ஆமாம், கால்கள். மெழுகுச் சிறகோடு சூரியனை நெருங்கிப் பறந்து விழுந்த கிரேக்கக் கதையின் இக்காரஸ் மூழ்கிக்கொண்டிருக்கிறான். எப்போது பார்த்தீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "முதலிலேயே. சார் அமைதியான ஊர் என்றாரே, நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று இருந்துவிட்டேன்."

மேலாளர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

'எதைப் பார்த்ததும் அப்படித் தோன்றியது?' என்று நான் கேட்ட அந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. உளவியலாளர் அபிகேல் ஹவுசனும், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை அது. மூன்றே கேள்விகள்: படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறென்ன தென்படுகிறது? நடுக் கேள்விக்காக நான் உயிரை விடுவேன். 'அந்தப் பிரிவினர் ஒத்துழைப்பதில்லை' என்று ஒருவர் சொல்கிறார். எதைப் பார்த்து? 'மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை.' ஆக, பார்த்தது பதில் வராத மூன்று மின்னஞ்சல். ஒத்துழையாமை என்பது அவர் அதன்மேல் வரைந்துகொண்டது. முகவரி தப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் இந்தக் கேள்வி கொஞ்சம் ஆபத்தானது. 'எதை வைத்துச் சொல்கிறாய்?' என்றால் சண்டைக்கு அழைப்பு. 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்றாலும் எதிராளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். 'எதைப் பார்த்ததும் அப்படித் தோன்றியது?' என்று கேளுங்கள்; அவர் கண் உங்கள் முகத்தை விட்டுப் படத்துக்குத் திரும்பும்.

யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன், மருத்துவ மாணவர்களை ஓவியங்களின் முன் நிறுத்திப் பழக்கினார். நோயாளிகளின் புகைப்படங்களில் அவர்கள் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்று 2001இல் முடிவு வெளியானது. அது கவனிப்பைத்தான் அளந்தது, குழுவின் ஒற்றுமையை அல்ல. இரண்டையும் குழப்பிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். கால்களிலேயே நேரம் போய்விட்டது. கடைசிப் பயிற்சியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் முதுகோடு முதுகாக உட்காருங்கள். ஒருவர் படத்தைப் பார்த்து விவரிக்க, மற்றவர் பார்க்காமல் வரைய வேண்டும். முதல் சுற்றில் வரைபவர் கேள்வி கேட்கக் கூடாது. இரண்டாம் சுற்றில் கேட்கலாம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வணக்கம்.