மேற்கு வேலி

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புது வீடு, தோட்டம் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். மிகவும் சந்தோஷம். எண்பதுகளின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு வந்த எங்கள் ஆட்களில் நிறையப் பேரை, நாட்டின் மேற்குத் தீபகற்பமான யூலாந்தின் சின்னச் சின்னப் பட்டணங்களில்தான் குடியிருத்தினார்கள். ஹேர்னிங், பிரண்டே, கிரின்ஸ்டெட் எல்லாம் உங்களுக்குப் பழகிய பெயர்கள்தான். அங்கே மாடி வீடுகளில் இருந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களில் சிலர், இப்போது பட்டணத்துக்கு வெளியே காணியோடு ஒரு பழைய செங்கல் வீடு கிடைக்குமா என்று தேடுகிறார்கள். என்னிடமும் விசாரிக்கிறார்கள். நானும் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்க் குடியேறியவள்தான். ஆகவே அவர்களை மனதில் வைத்துப் பேசுகிறேன்.

வீடு பார்க்கப் போனால் முதலில் குசினியைப் பார்ப்போம். பிறகு குளியலறை, பிறகு மேல்மாடி. நான் சொல்வது ஒன்றுதான். காரை விட்டு இறங்கியதும் வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போங்கள். அங்கே வேலி இருக்கிறதா, அதில் என்ன மரங்கள் நிற்கின்றன, அடிப்பக்கம் அடர்த்தியாக இருக்கிறதா என்று பாருங்கள். பணம் இருந்தால் குசினியை ஒரு மாதத்தில் மாற்றிவிடலாம். வேலி தலைக்கு மேலே வளர்ந்து பயன் தருவதற்குப் பல வருடம் செல்லும்.

மேற்கே வடகடல் கிடக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காற்றை மறிக்க இங்கே மலை கிடையாது. டென்மார்க்கின் மிக உயரமான இயற்கை மேடு மொலஹொய். அதன் உயரமே 171 மீற்றரைத் தொடவில்லை. பெரும்பாலான நாட்களில் காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோதான் வரும். வீட்டுக்குள் இருந்தால் இது தெரியாது, ஜன்னலெல்லாம் இரட்டைக் கண்ணாடி. வெளியே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நல்ல வெயில் எறிக்கும், ஆனாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே வந்துவிடுவீர்கள். போஞ்சிக் கொடி கம்பை விட்டு அவிழ்ந்து கிடக்கும். பூசணி இலை கிழிந்து தொங்கும்.

வீட்டைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு வேலிக்கு வருகிறேன். பழைய விறகு அடுப்பு இருந்தால் அது எந்த வருடத்தது என்று கேளுங்கள். 2021 ஓகஸ்ட்டிலிருந்து, 2003க்கு முந்திய அடுப்போடு வீடு வாங்குகிறவர் 12 மாதத்துக்குள் அதை மாற்ற வேண்டும், அல்லது அகற்ற வேண்டும். அடுத்தது கழிவுத் தொட்டி. நாட்டுப்புற வீடுகள் பலவற்றுக்குப் பொதுக் கழிவுக் குழாய் கிடையாது, காணிக்குள்ளேயே தொட்டி இருக்கும். அது எங்கே இருக்கிறது, வாகனம் வந்து அள்ளுவதற்குப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். சரி, இப்படிப்பட்டவை பெரும்பாலும் விற்பனைப் பத்திரத்தோடு வரும் அறிக்கைகளில் எழுதியிருக்கும். வேலியைப் பற்றி யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

நாங்கள் குடிவந்த முதல் வாரமே பக்கத்துக் காணிக்காரர் வந்தார். உருளைக்கிழங்கு பயிரிட்டு ஓய்வு பெற்ற வயோதிபர். இங்கே வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் எனக்கு அவரை மனதுக்குள் ஐயா என்றுதான் நினைக்க வரும். கையில் ஒரு வாளி, வாளி நிறைய மண் ஒட்டிய கிழங்கு. உள்ளே வாருங்கள், கோப்பி குடிக்கலாம் என்றேன். கோப்பி பிறகு குடிக்கலாம், முதலில் வேலியைப் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு அவர் நேரே பின்பக்கம் போய்விட்டார்.

அங்கே மூன்று வரிசை மரம். நடு வரிசையில் ஓக். இரண்டு பக்கமும் கொட்டை காய்க்கும் ஹேசல், முள்ளும் வெள்ளைப் பூவுமாய் நிற்கும் ச்யோர்ன், சிவப்புப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ரொன், ஜூன் மாதத்தில் பூப்பறித்துச் சர்பத் செய்கிறார்களே, அந்த ஹூல். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒரு இடத்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்து, அடிக்கொப்புகளுக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள்வரை கை போகவில்லை. நல்லது, இங்கே இன்னும் மூடியிருக்கிறது என்றார். அடுத்த இடத்தில் கை அந்தப் பக்கம் போய் வந்தது. இந்த இடத்தில் ஒரு மரத்தை அடியோடு வெட்டுங்கள், பக்கத்தில் துளிர் கிளம்பி ஓட்டை அடைபடும் என்றார். வேலியை அடைக்க வேண்டுமென்றால் மரத்தை வெட்டச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ஹேசலை நிலத்தோடு ஒட்ட வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு கிளம்பும் என்று அவர்தான் விளக்கினார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது அந்த இடத்தில் ஒற்றை வரிசை ஊசியிலை மரங்கள் நின்றனவாம். வயதாக ஆக அவற்றின் அடிப்பகுதி காய்ந்து, காற்று கீழால் புகுந்து வந்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மழையில்லாமல் காற்று எழும்பினால் புதிதாய் விதைத்த வயலின் மணல் அப்படியே கிளம்பி வருமாம். ஜன்னல் விளிம்பில் மணல், சாப்பாட்டுத் தட்டில் மணல், படுக்கையில் மணல். தாயார் மேசை விரிப்பை வாசலில் நின்று உதறுவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது என்றார். ஒரு வசந்தத்தில் விதையும் மண்ணோடு போய், தகப்பன் திரும்பவும் முழு வயலையும் விதைத்தாராம். பிறகு ஊரவர்கள் சேர்ந்து இந்த மூன்று வரிசையை நட்டபோது கன்று எடுத்துக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். அன்றைக்குக் கோப்பி குடிக்கவே இருட்டிவிட்டது.

மேற்கு யூலாந்தில் அந்தத் தலைமுறைக்காரர்களோடு பேசினால் இப்படிப்பட்ட கதைகள் நிறையக் கேட்கலாம். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மணல் தரையும் குட்டைப் பற்றையுமாய்க் கிடந்த வெளி. 1864இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த போரில் டென்மார்க் தெற்கே பெரிய நிலப்பரப்பை இழந்தது. இரண்டு வருடம் கழித்து, 1866இல், அந்த மணல் வெளியைத் திருத்திப் பயிர்நிலமாக்க ஓகூஸ் நகரில் ஹேதசெல்ஸ்கேபெட் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் என்ரிக்கோ டல்காஸ். வீதி போடும் வேலையில் இருந்த இராணுவ அதிகாரி. வீதி வேலைக்காக அந்த வெளியெல்லாம் திரிந்தவர் என்பதால் மண்ணைத் தெரிந்து வைத்திருந்தார். புளித்த மணலுக்குச் சுண்ணாம்பு கலந்த களிமண்ணைத் தோண்டிக் கொண்டுவந்து போட்டார்கள், அதற்கென்று சின்ன ரயில் பாதைகளே போட்டார்கள். வாய்க்கால் வெட்டினார்கள், காடு நட்டார்கள், வயலுக்கு வயல் காற்றுத் தடுப்பு வேலி வைத்தார்கள். இன்றைக்கு ஹேர்னிங்கிலிருந்து மேற்கே கார் ஓட்டிப் போகும்போது, வயல்களுக்கு நடுவே வடக்குத் தெற்காக நீள நீளமாய் மரவரிசை தெரிகிறதல்லவா? மேற்குக் காற்றை மறிப்பதற்காகத்தான் அப்படி. நீங்கள் வாங்கும் வீட்டின் பின்னால் நிற்பது அந்த வேலையில் ஒரு துண்டு. அதனால்தான் அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்று ஆளைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு வேலி என்றால் மறைப்பு. யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, கிடுகு வைத்து இறுக்கி அடைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் பழைய மரத்தையெல்லாம் பிடுங்கிவிட்டு, சந்தில்லாத பலகை வேலி அடிக்கிறவர்கள் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் காற்று பலகையில் மோதி மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழும். பலகையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்த தக்காளிதான் முறிந்து போகும். வேலி காற்றைச் சல்லடைபோலச் சலித்து விட வேண்டும். பாதிக் காற்று ஊடே போக வேண்டும், பாதி தடைபட வேண்டும். அப்படிப்பட்ட வேலி தன் உயரத்தைப்போலப் பத்துப் பதினைந்து மடங்கு தூரம் காற்றைத் தணிக்கும். மூன்று மீற்றர் வேலி என்றால் முப்பது மீற்றருக்கு மேல். உங்கள் முழுத் தோட்டமும் அதற்குள் அடங்கும்.

உங்கள் காணியில் காற்று எங்கே தணிகிறது என்று பார்ப்பது சுலபம். பழைய சேலைக் கரையைக் கீலம் கீலமாகக் கிழித்து, முழங்கால் உயரக் குச்சிகளில் கட்டி, காணியில் அங்கங்கே குத்திவிடுங்கள். காற்றடிக்கும் நாளில் ஜன்னலுக்குள் இருந்து பாருங்கள். ஒரு துணி விறைத்து நேராகப் பறக்கும், அடுத்தது மெல்ல ஆடும், வேலியின் சந்துக்கு நேரே நிற்பது படபடவென்று அடிக்கும். மெல்ல ஆடுகிற இடத்தில் மரக்கறிப் பாத்தி. பனி கொட்டி, காற்றும் சேர்ந்தடித்த அடுத்த நாள் காலையில் பார்த்தால் இன்னும் தெளிவு: காற்று தணிகிற இடத்தில் பனி குவிந்திருக்கும்.

தெற்குப் பக்கத்தில் கதையே வேறு. இங்கே டிசம்பர் மத்தியானத்தில் சூரியன் அடிவானத்திலிருந்து பத்து, பதினொரு பாகைதான் ஏறும். மூன்று மீற்றர் வேலி அப்போது பதினாறு மீற்றர் நிழல் போடும். ஜூனில் அதே வேலியின் மத்தியான நிழல் இரண்டு மீற்றர்தான். ஆகவே தெற்கில் பதிவான வேலி, மேற்கில் உயர்ந்த வேலி. காணி சரிவாக இருந்தால் பள்ளப் பக்கத்தில் ஒரு இடைவெளி விடுங்கள். இரவுக் குளிர் கீழே வழிந்து ஓட வேண்டும். அங்கே வேலி இறுக்கமாக இருந்தால் குளிர் தேங்கி மே மாதத்திலும் உறைபனி பூவைக் கருக்கும்.

மேற்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தோட்டத்துக்குள்ளும் வருவோம். முதல் வருடம் எதையும் கிண்டாதீர்கள். நீங்கள் இலையுதிர்காலத்தில் குடிவந்திருந்தால் வெறும் நிலமாகத் தெரிகிற இடத்தில், முன்பு இருந்தவர் நட்ட கிழங்குகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். பெப்ரவரியில் வெள்ளை மணிபோலப் பூக்கும், பிறகு மஞ்சள், பிறகு நீலம். ஏப்ரலில் ரபாபர் என்ற புளிப்புத் தண்டுச் செடி சிவப்பு முளையோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். ரபாபர் தண்டைப் பருப்பில் புளிக்குப் பதிலாகப் போட்டுச் சமைத்துப் பாருங்கள், அருமையாக இருக்கும். இலையைச் சமைக்க வேண்டாம், அது நஞ்சு. ஜூன் 23, நடுக்கோடை விழாவான சங்க்த் ஹன்ஸ் இரவுக்குப் பிறகு தண்டு பறிப்பதை நிறுத்திவிடுவார்கள், செடி அடுத்த வருடத்துக்குப் பலம் சேர்க்க வேண்டும். வேலியைக் கத்தரிப்பதையும் அதற்கு முன் தொடங்காதீர்கள். வசந்தம் முழுக்க உள்ளே குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும்.

ஒன்றை மட்டும் முதல் நாளே பிடுங்க வேண்டும்: ராட்சத பியோர்னெக்லோ. ஆளைவிட உயரம், குடைபோல வெள்ளைப் பூ. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கையுறை, நீளக் கைச்சட்டையோடு மண்வெட்டியால் வேரை அறுங்கள்.

எல்லை வேலியைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். இங்கே அதற்கென்றே சட்டம் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான வேலியின் செலவு பொதுவாக இருவருக்கும் பாதி பாதி. வீட்டுக் காணிகளுக்கிடையே 1.8 மீற்றர் என்பது வழக்கமான உயரம். பிரச்சினை வந்தால் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி சபை, நியமித்த மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். அந்த அளவுக்குப் போக விடாதீர்கள். வெட்டுவதற்கு முன் அயலவரைக் கூப்பிட்டு, ஒரு கோப்பி கொடுத்து, இருவரும் சேர்ந்து வேலியோரம் நடந்து பாருங்கள். வேலியைப் பற்றிக் கேட்டால் பேசாத மனிதரும் பேசுவார். எங்களுக்கு இந்த ஊரில் அறிமுகமானவர்களில் பாதிப்பேர் அந்த வேலியோரமாகத்தான் அறிமுகமானார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். மரக்கறியைப் பற்றியும் ஆப்பிளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை மூன்றும் கண்ணாடிக் கூடத்துக்குள் அல்லது ஜன்னலோரம். வெளியே வைப்பதென்றால் ஜூன் பிறக்கட்டும். ஆப்பிள் ஒற்றை மரமாக நின்றால் காய்ப்பது குறைவு, அதே சமயத்தில் பூக்கும் வேறு இன ஆப்பிள் அருகில் இருக்க வேண்டும். கிராஸ்டன் இனம் வைத்தால் இன்னும் இரண்டு இனம் வையுங்கள், அதன் மகரந்தம் மற்ற மரத்துக்கு உதவாது. நத்தைக்கு மருந்து தேடி அலையாமல் பொழுதுபடும் நேரத்தில் தினமும் போய்ப் பொறுக்குங்கள்.

வேலியே இல்லாத காணி வாங்கியவர்கள் இந்த நவம்பரிலேயே தொடங்கலாம். வெறும் வேரோடு வரும் கன்று மலிவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை மண் உறையாத எந்த நாளிலும் நடலாம். வேர் காற்றில் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருங்கள். முதல் மூன்று வருடம் அடியில் புல் வளர விடாதீர்கள், முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மான் வரும் இடமென்றால் கம்பி வலையும் தேவை. நன்றி, வணக்கம்.