தோட்டத்து முதுமைக்கு ஒரு மாத வருமானம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்திருந்தார்கள். அதன் பின்னர் பிறப்புகள் குறைந்து ஆயுளும் நீண்டிருப்பதால் அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. இதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அரச ஊழியரின் ஓய்வூதியச் செலவே முன்னுக்கு வருகிறது. விவசாயிகளுக்கென 1987இலும் மீனவர்களுக்கென 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாகின. ஆனால் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் பண்டாரவளையிலும் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்களுக்கு மாதாமாதம் கைக்கு வரும் ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை.

அவர்களுக்கு இருப்பவை ஊழியர் சேமலாப நிதி (EPF), ஊழியர் நம்பிக்கை நிதியம் (ETF), வேலையை விட்டு விலகும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணம் ஆகிய மூன்றுமே. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில் வழங்குநர் 12 சதவீதமும் செலுத்த வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை முழுவதுமாகப் பெற்றுக்கொள்ளலாம். சேவைக்காலப் பணம் நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், 30 வருடம் உழைத்த ஒரு தாய்க்குச் சேவைக்காலப் பணமாக 5,67,000 ரூபாய் கிடைக்கும். கேட்பதற்குப் பெரிய தொகைதான். 60 வயதில் பெற்று 80 வயது வரை அதைப் பிரித்துச் செலவழிக்க வேண்டுமானால், வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், மாதத்துக்கு 2,400 ரூபாய்கூடத் தேறாது. அதுவும் அந்தப் பணம் கடனுக்கும், மகளின் கல்யாணத்துக்கும், லயம் என்னும் வரிசை வீட்டின் கூரைக்கும் போகாமல் அப்படியே மிஞ்சியிருந்தால்தான். பிள்ளைகளின் தேவைக்குப் பணத்தை எடுத்துக் கொடுத்த பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இருபது வருட வாழ்க்கைக்கான பணத்தை ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில்தான் கோளாறு இருக்கிறது.

இந்தப் பணமும் இனிவரும் தலைமுறைக்குச் சுருங்கப்போகிறது என்பதே என் பெரிய கவலை. பேர் பதிந்த தொழிலாளர்கள் குறைந்து, பேர் பதியாமல் அன்றன்றைய கைக்காசுக்குக் கொழுந்து பறிப்போரும், தேயிலைக் காணியைப் பொறுப்பேற்றுக் கிலோக் கணக்கில் கொழுந்து கொடுப்போரும் பெருகி வருகிறார்கள். அவ்வாறு பறிக்கும் கிலோவுக்குச் சேமலாப நிதி கட்டப்படாவிட்டால், இன்று நாற்பது வயதில் இருக்கும் பெண்ணுக்கு அறுபதில் அந்த மொத்தத் தொகைகூட இருக்காது. ஆகவே சேமலாப நிதியின் ஒரு பங்கையாவது, விரும்புவோர் மாத வருமானமாக மாற்றிக்கொள்ளும் வழியைச் சட்டம் திறந்துவிட வேண்டும். கைக்காசு உழைப்புக்கும் பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும்.

பணத்துக்கு அடுத்தது பராமரிப்பு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரி முறையிடலாம். ஆனால் மகன் கொழும்பில் கடையிலும் மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலையிலும் இருக்கும்போது, பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைத் திருப்பிப் படுக்க வைப்பது யார்? எஞ்சியிருக்கும் மருமகள்தான் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க, போகாமல் நிற்கிறாள். அவளுடைய அன்றைய சம்பளம் போகிறது. அதோடு அவளுடைய சேமலாப நிதியும் சேவைக்காலமும் குறைகின்றன. இன்றைய முதியவரைப் பார்ப்பதற்கான விலையை நாளைய முதியவளே கட்டுகிறாள்.

1995இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியைத் தொடங்கிய ஜேர்மனி, வீட்டில் பராமரிப்பவர்களுக்குப் பணமாகவும் உதவி கிடைக்க வழி செய்தது. 2000இல் தொடங்கிய ஜப்பானோ, 40 வயதுக்கு மேற்பட்டோரின் பங்களிப்பையும் வரிப்பணத்தையும் சேர்த்து, பணமாகக் கொடுக்காமல் சேவையாகவே வழங்குகிறது. பணமாகக் கொடுத்தால் மருமகள்கள் வீட்டோடு கட்டுண்டு போவார்கள் என்று அங்கே பெண்கள் வாதாடினார்கள். மலையகத்துக்கு அந்த வாதமே பொருந்துகிறது என்று நான் கருதுகிறேன்.

அதற்கான இடம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. தாய்மார் மலைக்குப் போவதற்காகத் தோட்டந்தோறும் பிள்ளைக் காம்பராக்கள், அதாவது குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்கள், அமைக்கப்பட்டன. குழந்தைகள் குறைந்துவிட்ட தோட்டங்களில் அக்கட்டடத்தின் ஒரு பகுதியைப் பகல்நேர முதியோர் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். காலை பிரட்டுக்கு முன் முதியவரைக் கொண்டுவந்து விட்டு, மாலை கொழுந்தை எடை போட்டபின் அழைத்துப் போகலாம். இரத்த அழுத்தமும் சீனியும் அங்கேயே பார்க்கப்பட வேண்டும். நடக்க முடியாதவர்களின் லயத்துக்குப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவர் சென்றுவர வேண்டும். அந்தப் பராமரிப்பாளருக்கான சம்பளத்தைத் தோட்டத்தின் தலையில் மட்டும் கட்டாமல், அரச சுகாதாரத் துறையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தோடு இந்தக் கோரிக்கையையும் மேசையில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.