நகர மன்றத்துக்கு முன்பே போக வேண்டிய கூட்டம்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் கலிஃபோர்னியாவின் மற்ற ஊர்களிலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருமுனையில் இருக்கும் பழைய கடைவளாகத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், நம்மில் பலர் நேராக நகர மன்றக் கூட்டத்துக்குப் போகிறோம். மைக் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசுகிறோம். அதற்குள் அந்தத் திட்டத்தை ஓர் ஆணையம் அலசி முடித்திருக்கும், நிபந்தனைகளும் எழுதப்பட்டிருக்கும். நம் பேச்சுக்கு எடை இருந்திருக்கக்கூடிய கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்திருக்கும். அந்தக் கூட்டங்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

குப்பர்டினோவை எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 60,000 பேர் வாழும் ஊர். நகர மன்றத்தில் ஐந்தே உறுப்பினர்கள். மேயரும் அவர்களில் ஒருவர்தான். அன்றாட நிர்வாகம் நகர மேலாளர் கையில் இருக்கிறது. பூங்கா, நூலகம், வீட்டுவசதி, சைக்கிள் பாதை என எல்லாவற்றையும் ஐந்து பேர் ஆழமாகப் படித்துவிட முடியாது. அதனால் துறைக்கு ஒன்றாகக் குடிமக்கள் ஆணையங்களை மன்றம் நியமிக்கிறது. இந்த மாநிலத்தின் பெரும்பாலான சிறு நகரங்களில் ஏற்பாடு இப்படித்தான். ஓர் ஆணையத்தில் பொதுவாக ஐந்து அல்லது ஏழு பேர் இருப்பார்கள். அவர்களுக்கு உதவ நகர ஊழியர் ஒருவர் ஒதுக்கப்படுவார். ஆனால் ஆணையம் அவருக்கு உத்தரவு போட முடியாது.

இவற்றில் திட்ட ஆணையம், அதாவது பிளானிங் கமிஷன், தனி ரகம். மற்றவை பெரும்பாலும் ஆலோசனை சொல்வதோடு நிற்கும். இது முடிவே எடுக்கும். குடியிருப்புப் பகுதியில் மழலையர் பள்ளி நடத்த நிபந்தனை அனுமதி, எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளியில் விலக்கு போன்றவை இங்கேதான் தீர்மானமாகும். விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக அறிவிப்பு வர வேண்டும். 300 அடிக்குள் மனை வைத்திருப்பவர்களுக்கு அது தபாலில் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். சில நகரங்கள் இந்தத் தூரத்தைத் தாமாகவே கூட்டி வைத்திருக்கின்றன. அந்த அஞ்சலட்டை விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம்.

விசாரணையில் என்ன பேசுவது? ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று நாற்பது பேர் சொன்னாலும் அதைக் காரணமாக எழுத ஆணையத்தால் முடியாது. எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தோம் என்பதைக் கண்டறிதல்களாக எழுதிக் காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1974இல் டொபாங்கா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே பேசுபவர்கள் சான்றைக் கொண்டுபோக வேண்டும். பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சந்திப்பில் கார்கள் எவ்வளவு தூரம் தேங்குகின்றன, வாகன நிறுத்தத்தில் எந்த மணியில் எத்தனை இடம் மீதி, நகர விதித்தொகுப்பின் எந்தப் பிரிவோடு வரைபடம் முரண்படுகிறது என்று சொன்னால், அதை ஆணையத்தார் அப்படியே தீர்மானத்தில் சேர்க்க முடியும்.

வீட்டுவசதித் திட்டம் என்றால் கதை வேறு. நகரம் முன்கூட்டியே எழுதிவைத்த, அளந்து பார்க்கக்கூடிய விதிகளுக்கு அது பொருந்திவிட்டால், பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ குறிப்பான தீங்கு இருப்பதைச் சான்றோடு எழுதிக் காட்டாமல் மறுக்கவும் முடியாது, அடர்த்தியைக் குறைக்கவும் முடியாது. 2019இல் வந்த சட்டம் அத்தகைய திட்டத்துக்கு ஐந்துக்கு மேல் விசாரணைக் கூட்டங்கள் கூடாது என்று வரம்பும் கட்டிவிட்டது. பின்கட்டில் கட்டும் சிறு துணைவீட்டுக்கு விசாரணையே கிடையாது. விதிக்குப் பொருந்தினால் ஊழியர்களே அனுமதி கொடுத்துவிடுவார்கள். இது தெரியாமல் ஆணையத்தாரைக் கோழைகள் என்று திட்டுவது நியாயமில்லை. கட்டடத்தின் உயரத்தில் கவலை இருந்தால், விதிகள் எழுதப்படும் கட்டத்திலேயே, ஊரின் நீண்டகால வளர்ச்சியை வகுக்கும் பொதுத் திட்டமும், எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதியும் ஆணையத்துக்கு வரும்போதே பேசியிருக்க வேண்டும். அந்தக் கூட்டங்கள் சலிப்பாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கான ஊர் அங்கேதான் உருவாகிறது.

முடிவு எதிராகப் போனால் மன்றத்திடம் மேல்முறையீடு செய்யலாம். கெடு குறுகியது: சில ஊர்களில் 10 நாள், சிலவற்றில் 14 நாள். கட்டணமும் உண்டு. பிற்பாடு நீதிமன்றம் போக நேர்ந்தால், பொது விசாரணையிலோ அதற்கு முன் எழுத்து மூலமோ எழுப்பிய பிரச்சினைகளை மட்டும்தான் அங்கே பேச முடியும் என்று நகரம் தடை எழுப்பலாம். எனவே சொல்ல வந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, ஆணையத்தின் செயலாளருக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

ஆலோசனை ஆணையங்களுக்கு வருவோம். இவற்றின் பரிந்துரைகள் வீணாவதற்கு நான் முதலில் சொல்லும் காரணம் காலம் தவறுவது. நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. பட்ஜெட் ஜூனில் நிறைவேறும். மே மாதத்தில் ஒரு பூங்காவுக்கு நிழற்கூரை வேண்டும் என்று ஆணையம் எழுதினால், அது அடுத்த ஆண்டுக்குத்தான். குளிர்காலத்திலேயே செலவு மதிப்பீட்டோடு கேட்ட ஆணையத்துக்கு வாய்ப்பு அதிகம். இன்னொரு காரணம், ஒரு பரிந்துரையில் பத்து விருப்பங்களை அடுக்குவது. மன்றத்துக்கு வேண்டியது ஒரு கோரிக்கை, அதற்கான காரணம், ஏறத்தாழ எவ்வளவு ஆகும், ஆணையத்தில் வாக்கு எப்படிப் பிரிந்தது என்பவைதான். மாறுபட்டு வாக்களித்தவரின் காரணத்தையும் ஒரு வரியில் சேர்ப்பது மிக நல்ல பழக்கம்.

ஆணைய உறுப்பினராக விரும்புபவர்கள், உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன் திறந்த முறையில் நடக்க வேண்டும் என்று சொல்லும் 1953இன் பிரவுன் சட்டத்தை முதலில் படிக்க வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துடையதை 24 மணி நேரம் முன்பும் ஒட்ட வேண்டும். நிரலில் இல்லாததை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விவாதித்து முடிவெடுக்கக் கூடாது. நல்லெண்ணம் உள்ளவர்களே அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து பேர் ஆணையத்தில் மூன்று பேர் பெரும்பான்மை. நீங்கள் ஒருவரிடம் பேச, அவர் அதே விஷயத்தை மூன்றாமவரிடம் கொண்டுபோனால், அதுவே சட்டத்துக்குப் புறம்பான கூட்டம். எல்லோருக்கும் ஒரே சொடுக்கில் மின்னஞ்சல் பதில் அனுப்புவதும் அதே வலைக்குள் தள்ளும். ஆணைய விவகாரம் பற்றிச் சக உறுப்பினர் சமூக ஊடகத்தில் இட்ட பதிவுக்கு விருப்பக்குறி போடுவதுகூடத் தடைசெய்யப்பட்டது.

திட்ட ஆணைய உறுப்பினர்கள் படிவம் 700இல் தங்கள் வருமான மூலங்களையும் முதலீடுகளையும் அறிவிக்க வேண்டும். பதவியேற்ற 30 நாளுக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். விவாதத்தில் உள்ள மனையிலிருந்து 500 அடிக்குள் உங்களுக்குச் சொந்த இடம் இருந்தால், பொதுவாக நீங்கள் காரணத்தைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டியிருக்கும். சிறிய ஊரில் இது அடிக்கடி நடக்கும். ஏற்கெனவே ஓரிடம் காலியாக இருக்கும் ஐந்து பேர் ஆணையத்தில் ஒருவர் இப்படி வெளியேறி, இன்னொருவர் ஊரில் இல்லாவிட்டால், இரண்டு பேர் மட்டுமே மிஞ்சுவார்கள். கோரத்துக்கு, அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு, மூன்று பேர் வேண்டும் என்பதால் விசாரணை தள்ளிப்போகும். விடுப்பு போட்டுவிட்டு வந்த மக்கள் திரும்பிப் போவார்கள். காலியிடத்தை நிரப்பாமல் இழுத்தடிக்கும் மன்றங்களைக் கேள்வி கேட்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அந்தக் காலியிடங்களைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அடுத்த ஆண்டு பதவிக்காலம் முடியும் இடங்களின் பட்டியலை ஒவ்வொரு நகரமும் டிசம்பர் 31க்குள் தயாரிக்க வேண்டும். இடையில் யாராவது விலகினால் 20 நாளுக்குள் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டி 10 வேலை நாள் ஆகும்வரை, அவசரநிலை தவிர, நிரந்தர நியமனம் கூடாது. நகர எழுத்தரின் அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் கிடைக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கம், பிறகு மன்றத்தின் முன் சில நிமிட நேர்காணல். விரும்பும் ஆணையத்தின் கூட்டங்களுக்கு இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்து, கடைசி ஆறு மாத நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். நேர்காணலில் அது உடனே தெரியும்.