பப்புள்ல ஏஸ்-குயீன்: கால் பண்ணலாமா, விட்டுடலாமா?

[திரை: நான்கு பேர் மிஞ்சிய மேஜை. முதலில் பேச வேண்டியவர் 4,000, பட்டன் 12,000, ஸ்மால் பிளைண்ட் 14,000, பிக் பிளைண்டில் நீங்கள் 10,000]

8 பேர் உட்கார்ந்த ஆன்லைன் போக்கர் சிட்-அண்ட்-கோ இது, அதாவது ஆள் சேர்ந்ததும் தொடங்குற சின்னப் போட்டி. ஆளுக்கு 5,000 சிப்ஸ்ல ஆரம்பிச்சு, இப்போ நாலு பேர் மிச்சம். பரிசு மூணு பேருக்குத்தான்: 50%, 30%, 20%. அடுத்து வெளியே போறவர் வெறுங்கையோட போகணும். பப்புள்னு சொல்றது இந்தக் கட்டத்தைத்தான்.

பிளைண்ட், அதாவது கார்டு பார்க்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடுற சிப்ஸ், 500/1,000: ஸ்மால் பிளைண்ட் 500, பிக் பிளைண்ட் 1,000. எல்லாரும் போட வேண்டிய ஆன்டி இல்ல. முதல் ஆள் ஃபோல்டு, கையை விட்டுட்டார். பட்டனும் (டீலர் இடத்துல இருக்கிறவர்) ஃபோல்டு. ஸ்மால் பிளைண்ட் ஆல்-இன் போயிட்டார், கையில இருந்த சிப்ஸ் எல்லாத்தையும் வச்சுட்டார். உங்க கையில இஸ்பேடு ஏஸ், டைமன் குயீன். 1,000 ஏற்கெனவே உள்ளே கிடக்கு, கால் பண்ண, அதாவது அவருக்கு ஈடுகொடுக்க, இன்னும் 9,000 போடணும்.

[திரை: 9,000 ÷ 20,000 = 45%]

முதல்ல சிப்ஸ் கணக்கு. அவரோட 14,000-ல உங்களால ஈடுகொடுக்க முடிஞ்சது 10,000 மட்டும், மீதி அவருக்கே திரும்பிடும். நீங்க கால் பண்ணா பாட் (நடுவுல சேர்ற மொத்த சிப்ஸ்) 20,000 ஆகும், அதுக்கு நீங்க போடுறது 9,000. அப்போ 45% ஜெயிச்சாலே சிப்ஸ் அளவுல நஷ்டம் இல்ல. அவர் எந்த ரெண்டு கார்டையும் வச்சு அடிக்கிறார்னு எடுத்துக்கிட்டா, வேற வேற சூட்ல இருக்கிற ஏஸ்-குயீன் சுமார் 64% ஜெயிக்கும். 45 எங்கே, 64 எங்கே! கை தானா 'கால்' பக்கம் போறதுல ஆச்சரியமே இல்ல.

ஆனா உங்களுக்குக் கிடைக்கப்போறது சிப்ஸ் இல்ல, பரிசுல ஒரு பங்கு. சிப்ஸ் ரெண்டு மடங்கானா அந்தப் பங்கும் ரெண்டு மடங்காகாது, ஏன்னா முதலிடம் பிடிச்சாலும் 50-க்கு மேல கிடையாது. சிப்ஸைப் பரிசுப் பங்கா மாத்துற இந்தக் கணக்குக்குத்தான் ஐசிஎம் (Independent Chip Model). டேவிட் ஹார்வில் 1973-ல குதிரைப் பந்தயத்தை வச்சு விளக்கின சூத்திரம் இது. 1987-ல மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார். ஒருத்தர் முதலிடம் வர வாய்ப்பு, மொத்த சிப்ஸ்ல அவர் கையில எவ்வளவு பங்கோ அவ்வளவு. அவரை எடுத்துட்டு, மிச்சம் உள்ளவங்களுக்கு ரெண்டாம் இடத்தை அதே மாதிரி பிரிக்கணும். அப்புறம் மூணாம் இடம்.

[திரை: ஃபோல்டு 25.1 | கால் பண்ணி ஜெயித்தால் 37.6 | தோற்றால் 0]

மொத்தப் பரிசு 100-னு வச்சுக்குவோம். ஃபோல்டு பண்ணா உங்ககிட்ட 9,000 இருக்கும். அதோட மதிப்பு 25.1. கால் பண்ணி ஜெயிச்சா 20,000, மதிப்பு 37.6 மட்டும்தான். தோத்தா பூஜ்யம். 25.1-ஐ 37.6-ஆல வகுங்க: கிட்டத்தட்ட 67%. நூத்துக்கு 67 தடவை ஜெயிக்கிற கை இருந்தாத்தான் இந்த கால் கட்டுபடியாகும். ஏஸ்-குயீன் அந்த அளவுக்கு வராது.

இன்னும் சங்கடமான விஷயம் இருக்கு. வேற சூட் ஏஸ்-கிங்கே எந்த ரெண்டு கார்டுக்கு எதிராவும் 65% சுமார்தான். 7-7 ஜோடி 66%. ரெண்டுமே கோட்டுக்குக் கீழே. 8-8 தான் 69%-னு கொஞ்சம் தலை தூக்குது, அதுவும் அவர் கண்ணை மூடிக்கிட்டு எல்லாக் கையையும் அடிச்சாத்தான். மோசமான கைகளை அவர் கழிச்சுட்டு அடிக்கிறார்னா இந்த எண்கள் எல்லாமே இன்னும் இறங்கும். அதனால "இந்த ஆள் சும்மா மிரட்டுறார்"ங்கிற வாதம் இங்கே எடுபடாது. மிரட்டுறார்தான், ஆனாலும் ஃபோல்டுதான். அவர் தோத்தா 4,000 வச்சுக்கிட்டு ஆட்டத்துல இருப்பார், நீங்க தோத்தா வெளியே. அந்த தைரியத்துலதான் அடிக்கிறார். நீங்க அவரோட இடத்துல இருந்தா நீங்களும் அதையே செய்யணும்.

இந்தியாவுல இருந்து பார்க்கறவங்களுக்கு ஒண்ணு: 2025 ஆகஸ்ட்ல நிறைவேறின ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணுது. இந்தக் கணக்கைப் பழக ஒரு இலவச ஐசிஎம் கால்குலேட்டர் போதும், பணம் தேவையில்ல.

[திரை: அதே மேஜை. இப்போது 4,000 வைத்திருப்பவர் ஆல்-இன்]

அதே கார்டு, அதே ஸ்டாக் (ஆளாளுக்குக் கையில இருக்கிற சிப்ஸ்). இப்போ ஆல்-இன் போனது 4,000 வச்சிருக்கிறவர். மத்த ரெண்டு பேரும் ஃபோல்டு. நீங்க போட வேண்டியது 3,000, பாட் 8,500 ஆகும். சிப்ஸ் கணக்குல 35% வேணும், ஐசிஎம்-ல 39%. அவ்வளவுதான் வித்தியாசம், ஏன்னா தோத்தாலும் உங்ககிட்ட 6,000 இருக்கும். யோசிக்கவே வேணாம், கால்.

ஆன்லைன்ல சில நொடிதான் தருவாங்க, அதுக்குள்ள வகுத்தல் கணக்கெல்லாம் போட முடியாது. அதனால பார்வை போக வேண்டிய இடம் உங்க கார்டு இல்ல. ஆல்-இன் போனவர்கிட்ட உங்களைவிட அதிகம் இருக்கா? உங்களைவிடச் சின்ன ஸ்டாக் மேஜையில இருக்கா? ரெண்டுக்கும் "ஆமா"ன்னா, உங்க வழக்கமான கால் கைகள்ல பெரும்பகுதியைத் தள்ளிடுங்க. ஸ்டாக்கை பிக் பிளைண்ட் அளவுல காட்டுற வசதியை ஆட்டத்துக்கு முன்னாடியே போட்டு வைங்க. "4 பிளைண்ட்"னு பார்த்தா நிலைமை சட்டுனு புரியும்.

ஐசிஎம்-க்கு ஒரு குறை உண்டு: அடுத்த கையில யார் பிளைண்ட் போடணும்னு அதுக்குத் தெரியாது. முதல்ல பார்த்த கையில நீங்க ஃபோல்டு பண்ணிட்டா, அது உங்களுக்குச் சாதகம். அடுத்த கையில பிக் பிளைண்ட் அந்த 4,000 காரர், ஸ்மால் பிளைண்ட் நீங்க. 1,000 போட்டதும் அவர்கிட்ட 3,000தான் மிச்சம். மத்த ரெண்டு பேரும் ஃபோல்டு பண்ணா, ஸ்மால் பிளைண்ட்ல இருந்து உங்களை அழுத்தினவர் செஞ்சதை நீங்க இந்த 4,000 காரர்கிட்ட செய்யலாம். தோத்தாலும் 9,000-ல 4,000தான் போகும்.