கையெழுத்துப் போடுகிறவர் யார்?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளையைச் சார்ட்டர் பள்ளியில், அதாவது அரசுப் பணத்தில் தனி ஒப்பந்தத்தின்பேரில் நடக்கும் பள்ளியில், சேர்க்க நினைக்கும்போது நாம் ஆசிரியர்களைப் பற்றி விசாரிக்கிறோம், மதிப்பெண்களைப் பார்க்கிறோம், பேருந்து வருமா என்று கேட்கிறோம். மாணவர் சேர்க்கைக் குலுக்கலில் இடம் கிடைத்ததா என்று மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறோம். அந்தப் பள்ளியை நடத்த யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. இன்று நான் பேச வந்தது அந்த அனுமதியைக் கொடுப்பவர்களைப் பற்றித்தான்.

1991-இல் மினசோட்டா இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. ஏற்பாடு இதுதான்: அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல் பள்ளி நடத்தலாம், எப்படிக் கற்பிப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்பதில் சுதந்திரம் உண்டு, ஒப்பந்தத்தில் சொன்னபடி பிள்ளைகள் கற்கவில்லை என்றால் பள்ளியை மூடிவிடலாம். அனுமதி கொடுப்பது, கண்காணிப்பது, வேண்டிவந்தால் மூடுவது, இந்த மூன்றும் ஆத்தரைசர் எனப்படும் அனுமதி தரும் அமைப்பின் வேலை. மாசசூசெட்ஸில் அது மாநிலக் கல்வி வாரியம். இண்டியானாபோலிஸில் மேயருக்கே அந்த அதிகாரம் உண்டு. மிச்சிகனில் பல்கலைக்கழகங்கள். பெரும்பாலான இடங்களில் உள்ளூர்ப் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பு. அங்கே யாரோ ஓர் அதிகாரி, வேறு பத்து வேலைகளோடு இதையும் பார்ப்பார்.

ஒஹாயோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈகாட் என்று அழைக்கப்பட்ட இணையவழிப் பள்ளி 2000-இல் தொடங்கி, நாட்டின் மிகப் பெரிய பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது. 2015-16 கல்வியாண்டுக்கு அது 15,000-க்கும் மேற்பட்ட முழுநேர மாணவர்களைக் கணக்குக் காட்டியது. மாநிலக் கல்வித் துறை பதிவேடுகளைச் சரிபார்த்தபோது பாதிப்பேருக்குக்கூட ஆதாரம் இல்லை. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஏறத்தாழ 6 கோடி டாலரைத் திருப்பித் தரச் சொன்னார்கள். 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. ஏறக்குறைய 12,000 பிள்ளைகள் ஒரே வாரத்தில் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று. பட்டமளிப்புக்கு நான்கே மாதம் இருந்த பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஒஹாயோவில் ஆத்தரைசரை ஸ்பான்சர் என்பார்கள். பள்ளிக்கு வரும் அரசுப் பணத்தில் 3 விழுக்காடு வரை அவர்கள் கட்டணமாகப் பெறலாம். பள்ளி பெரிதாகப் பெரிதாக அவர்களுடைய வருமானமும் கூடும். கண்காணிக்க வேண்டியவரின் வரவு, கண்காணிக்கப்படும் பள்ளியின் வளர்ச்சியில் கட்டுண்டு கிடக்கிறது!

அடுத்த ஆண்டே, 2019-இல், இதே வியாதி கலிபோர்னியாவில் வெளிப்பட்டது. 19 இணையவழிப் பள்ளிகளை வைத்துப் பெருமோசடி நடந்ததாக 11 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அனுமதி கொடுத்தவை சின்னஞ்சிறு பள்ளி மாவட்டங்கள். தங்கள் சொந்த மாணவர் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பிள்ளைகளுக்கு அவை பொறுப்பேற்றிருந்தன. மேற்பார்வைக் கட்டணமும் வந்துகொண்டிருந்தது. கலிபோர்னியா அதற்குப் பிறகுதான் சட்டத்தை இறுக்கியது. மினசோட்டாவோ 2009-லேயே, அனுமதி தருகிறவர்களும் மாநிலத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மாற்றிவிட்டது. பல அமைப்புகள் ஒதுங்கிக்கொண்டன. ஓரிடத்தில் பட்ட பாடு அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர இத்தனை ஆண்டுகளா?

அதனால்தான் எல்லா மாநில ஆத்தரைசர்களும் ஒருவரோடொருவர் ஒத்துழைக்க வேண்டும் என்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, ஒத்துழைப்பு எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். சட்டம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆத்தரைசர்களுக்கென்று 2000-இல் தேசியச் சங்கம் தொடங்கி, பொது நெறிகளையும் வகுத்திருக்கிறார்கள். அதோடு நிற்காமல், அன்றாட வேலையிலும் கைகோக்க வேண்டும் என்கிறேன். பள்ளிகளை நடத்தும் ஒரு நிர்வாக நிறுவனம் புதிய மாநிலத்தில் விண்ணப்பித்தால், பழைய மாநிலத்தில் அதன் தணிக்கை அறிக்கையும், மூடிய பள்ளிகளின் கோப்பும் கேட்காமலே வந்து சேர வேண்டும். ஓரிரு பள்ளிகளை மட்டும் பார்க்கும் சிறு மாவட்டத்துக்கு, நூறு விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்த வெளிமாநில மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அழகான அட்டைக்குள் இருக்கும் ஓட்டையான வரவுசெலவுத் திட்டம் அன்றைக்கே பிடிபடும். பள்ளியை மூடுவதற்கான நடைமுறையையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்: மதிப்பெண் சான்றுகள் யாரிடம் போகும், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளையின் கோப்பு எத்தனை நாளில் புதிய பள்ளிக்குச் சேரும். மூடும் நாளன்று உட்கார்ந்து யோசிக்கிற காரியமா இது?

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் ஒருநாள் ஒப்பந்தப் புதுப்பிப்பு வரும். அதற்குப் பொது விசாரணைக் கூட்டம் வைத்தால் தவறாமல் போங்கள். அங்கே எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பள்ளியை நடத்துகிறவர்கள் வேறு மாநிலத்தில் பள்ளி நடத்தியிருக்கிறார்களா? அந்த மாநிலத்து ஆத்தரைசரிடம் நீங்கள் பேசினீர்களா?